பஞ்சர் ஆகாத வண்டி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். இவனிடம் அது மருந்துக்கும் கிடையாது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கில் தாளம் போடுவான். பச்சை விழுவதற்குள் முன்னால் நிற்கிறவனுக்கு ஹாரன் அடித்துவிடுவான். அந்த ஹாரனை வைத்துத்தான் பிள்ளைகள் அவனுக்கு 'பீப்பீ அங்கிள்' என்று பெயர் சூட்டினார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் அவனுடைய சொந்தப் பெயர் டிரைவிங் லைசென்சில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருவான். டிவி பார்த்தால் நின்றுகொண்டே பார்ப்பான். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு காத்தாடியக் கட்டியிருக்கலாம், காத்தாச்சும் வந்திருக்கும்" என்று அவன் மனைவி சொல்வாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு வாய்த்தவன் இப்படி.

இந்தப் பரபரப்பினால் அவன் எந்த வேலையிலும் தங்கவில்லை. தண்ணீர் லாரி ஓட்டினான். பேப்பர் கட்டு ஏற்றும் வண்டி ஓட்டினான். கொஞ்ச காலம் வாடகைக் கார். அந்த வாடகைக் காரில்தான் அவன் வாழ்க்கையை மாற்றிய சவாரி கிடைத்தது. நெஞ்சு வலி வந்த ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கூட வந்த பெரியவர்கள் எல்லாரும் கவுண்டரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, யூனிபார்மோடு வந்திருந்த அவருடைய பேத்தி, பன்னிரண்டு வயதுகூட இருக்காது, முன்னால் போய் நின்றாள். எங்கே வலி, எப்போது வந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கவுண்டர்காரர் எழுந்து நின்று பதில் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நம் ஆள். எந்த ஆபீசுக்குப் போனாலும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் விசாரித்துக்கொண்டான். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி என்றார்கள்.

அவன் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் நடக்கத் தொடங்குவதற்குள் அவன் அந்தப் பள்ளியில் வேன் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு இடம் உண்டு. அவர்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. தலைமை சிஸ்டர், எல்லாரும் 'மதர்' என்று கூப்பிடுவார்கள், ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "குழந்தைங்களை ஏத்திட்டுப் போறது மூட்டை ஏத்திட்டுப் போற மாதிரி இல்ல. கடைசிப் பிள்ளை இறங்கற வரைக்கும் உங்க பொறுப்பு. சரியா?" சரி என்று இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டான். வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காவல் என்று ஒரு புனிதரின் படத்தையும் மதர் கொடுத்தார். தோளில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற பெரிய ஆள். அதை டாஷ்போர்டில் ஒட்டிக்கொண்டான்.

மகள் அந்தப் பள்ளியில் வளர வளர அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வண்டியை இரவில் நிறுத்துவது அவன் சிநேகிதன் ஒருவனின் மெக்கானிக் ஷெட்டில். அங்கே தினமும் மகள் புராணம்தான். "பெரியவங்க வந்தா எழுந்து நிக்கிறா மச்சான். ஷூவைக் கழட்டினா ஜோடி சேத்து வைக்கிறா. என்னையே பல்லு விளக்கியாச்சான்னு இங்கிலீஷ்ல கேக்கறா."

"உன் வாய்க்கு அது அவசியந்தான்" என்பான் மெக்கானிக்.

அந்தப் பள்ளியில் அவனுக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று இருந்தது. கடைசிப் பாடம் முடிந்ததும் உடனே விட மாட்டார்கள். எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வேண்டும். இன்றைக்கு நான் என்ன தப்புச் செய்தேன், செய்ய வேண்டியது எதைச் செய்யாமல் விட்டேன் என்று தனக்குள்ளே கேட்டுப் பார்க்க வேண்டுமாம். அதன் பிறகுதான் மணி. அத்தனை பிள்ளைகள் இருக்கிற கட்டடம் ஒரேயடியாக ஓய்ந்துபோகும். வெளியே வேனில் ஏறி உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த அமைதி முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "கிளம்பற நேரத்துல என்னய்யா இது" என்று முணுமுணுப்பான். சாவிக்கொத்தை ஆட்டி ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்வான். அப்போதுதான் மூச்சு வரும்.

நடந்தது ஒரு சாதாரண நாளில். ஷெட்டில் டிவி இருந்தது, அன்றைக்குக் கால்பந்து இறுதியாட்டம். அவன் சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டவன் போலப் பறந்தான். பிள்ளைகளை ஒவ்வொரு தெருவாக உதிர்த்துக்கொண்டே போனான். மழலையர் வகுப்புக் குழந்தை ஒன்று, இன்னும் பேச்சே திருந்தாத பெண் குழந்தை, அதன் தாய் தினமும் வாசலில் நிற்பாள். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. அன்றைக்கு வாசலில் யாரும் இல்லை. சில நாள் அவளே மதியம் வந்து குழந்தையை அழைத்துப் போவது உண்டு. இன்றைக்கும் அப்படித்தான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு ஒரு பீப் அடித்துவிட்டு வண்டியை விட்டான். திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதைக்கூடச் செய்யவில்லை.

ஷெட்டில் வண்டியைப் போட்டு, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினான். மகள் பின்னால் வந்தாள். டீ வந்தது. ஆட்டம் சூடு பிடித்தது. தாகம் எடுத்துப் பையைத் துழாவிய மகள், தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சாவியைத் தூக்கிப் போட்டான்.

அவள் போட்ட கத்தல் டிவி சத்தத்தையும் மீறிக் கேட்டது. "அப்பா!"

கடைசி சீட்டுக்குக் கீழே தூங்கிப்போயிருந்த குழந்தை எப்போதோ விழித்திருக்கிறது. கண்ணாடியில் கை அச்சுகள் ஈரமாக இருந்தன. அழுது அழுது சத்தம் வற்றி, வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள்தான் குழந்தையைத் தூக்கி முகத்தைத் துடைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். தலை நிற்கும்வரை மடியில் வைத்து விசிறினாள்.

திரும்பிப் போகிற வழியில் அவன் மகளிடம் சொன்னான். "கண்ணு, பஞ்சர்னு சொல்லிடலாம். வண்டி பஞ்சர். நீயும் அதையே சொல்லணும். அப்பா வேல போயிடும். உன் ஸ்கூலும் போயிடும். புரியுதா?" மகள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவன் பார்க்கவில்லை.

தாய் வாசலில் தவித்துக்கொண்டு நின்றாள். அவளும் அப்போதுதான் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்திருந்தாள். "என்னண்ணா ஆச்சு?"

"பஞ்சர்மா. நடு ரோட்டுல."

அவள் சும்மா, பேச்சுக்கு, அவன் மகளைப் பார்த்துக் கேட்டாள். "பஞ்சரா பாப்பா? பயந்துட்டீங்களா?"

மகள் அவனைப் பார்த்தாள். பிறகு, "ஆமா ஆன்ட்டி" என்றாள்.

குழந்தை தாயின் தோளில் சாய்ந்துகொண்டு, "வண்டி தூங்கிடுச்சு" என்றது. தாய் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

அதோடு முடிந்தது என்று அவன் நினைத்தது இரண்டொரு நாள்தான். மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கோபமாகவும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். படுக்கப் போகும்போது பள்ளியில் செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவது அவள் வழக்கம். முன்பு அதைப் பார்த்து, "என்ன மேடம், கணக்கு டேலி ஆச்சா?" என்று கிண்டல் செய்வான். இப்போது அவள் கண்ணை மூடினாலே இவன் எழுந்து குழாயை மூடப் போனான். குழாய் மூடித்தான் இருந்தது.

அந்தக் குழந்தையும் முன்பெல்லாம் ஏறியதும் கடைசி சீட்டுக்கு ஓடும். இப்போது மகளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதவோரமே உட்கார்ந்தது. அவன் கண்ணாடியில் அதைப் பார்த்தான். பிறகு கண்ணாடியை ரோடு மட்டும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவப் பிள்ளைகளைச் சிற்றாலயத்துக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போவார்கள். ஃபாதர் வந்து உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பாவத்தைச் சொல்வார்கள். மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பில் வேறு பாடம். அன்று சாயங்காலம் வேனில் ஏறியதும், ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு வாயாடிப் பெண் செய்தி வாசித்தாள். "அங்கிள், உங்க பொண்ணு இன்னிக்குக் கன்ஃபெஷன் லைன்ல நின்னா! சிஸ்டர், நீ கிறிஸ்டியன் இல்லையே, இது உனக்கு இல்லம்மான்னு சொன்னாங்க. அதுக்கு இவ, எனக்கும் பாவம் இருக்கே சிஸ்டர்னு சொல்லிட்டா! சிஸ்டர் விட்டுட்டாங்க. ரொம்ப நேரம் உள்ள இருந்தா!"

போச்சு. ஃபாதருக்குத் தெரிந்தால் மதருக்குத் தெரியும். அவர்கள் எல்லாம் ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரிதானே? அன்றைக்கு ஒரு சிக்னலிலும் அவன் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள்தான் அவனுக்கு அடித்தார்கள்.

மகளிடம் நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம். இப்படியாகக் குட்டி போட்ட பூனை போல வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான். பள்ளிக் கேட்டைத் தாண்டிப் போன ஃபாதர் கையசைத்தார். எதற்கு அசைத்தார்? மதர் வராந்தாவில் நின்று வேனையே பார்த்தார். ஏன் பார்க்க வேண்டும்? தோட்டக்காரர் சும்மா இருமினால்கூட இவனைப் பார்த்து இருமுகிற மாதிரிப் பட்டது. "உடம்புக்கு என்னன்னு சொல்லித் தொலைங்க, மாத்திரையாச்சும் எடுத்துட்டு வரேன்" என்றாள் மனைவி. இதற்கு அவள் கடையில் மாத்திரை இல்லை.

பிறகு அது வந்தே விட்டது. "மதர் உங்களை வரச் சொன்னாங்க" என்றார் தோட்டக்காரர்.

போனான். சட்டைப் பட்டன்களைச் சரிபார்த்துக்கொண்டு, இனி எந்த முதலாளியைப் போய்ப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே போனான். மதர் சிரித்த முகமாக, "உட்காருங்க" என்றார். அவன் நின்றான்.

"நம்ம ஆண்டு விழா வருது. ஒவ்வொரு வருஷமும் பெற்றோர்ல ஒருத்தர் பேசுவாங்க. இந்தப் பள்ளியில படிச்சதுனால என் பிள்ளைக்கு என்ன நன்மைன்னு ரெண்டு வார்த்தை. எப்பவும் டாக்டர், இன்ஜினியர்னே கூப்பிடறோம். இந்த வருஷம் நம்ம வேன் அங்கிள் பேசட்டும்னு எனக்கு ஆசை. என்ன சொல்றீங்க?"

அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. வெளியே வந்தபோது காது அடைத்திருந்தது. தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள், மேடையில் ஏற்றி நிறுத்தி அத்தனை பேர் முன்னால் சொல்ல வைக்கப் போகிறார்கள் என்று பட்டது. இன்னொரு பக்கம், இல்லை, அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லையே என்றும் பட்டது. எது என்று தெரியாமல் அன்றிரவு பாயைச் சுருட்டிச் சுருட்டி விரித்தான்.

மனைவிக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். கையில் பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல இங்கிலீஷச் சொல்லுங்க. அடுத்தது கையெழுத்து. அச்சடிச்ச மாதிரி எழுதறா பாருங்க. அப்பறம் மரியாதை. பாட்டு. நேரத்துக்கு எந்திரிக்கறது. சும்மா நிக்காம சொல்லுங்க, வேற என்ன?"

"பொய் சொல்லாம இருக்கறது" என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டான். மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் காலை, முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்பு வண்டியில் அவனும் மகளும் மட்டும்தான். வழியில் ஒரு பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினான். அவனாக ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தியது அவள் பார்த்து அதுதான் முதல் தடவை.

"ஃபாதர்கிட்ட என்னடா சொன்ன?"

"என் பாவத்தச் சொன்னேன்."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

"பஞ்சர் ஆகல, ஆச்சுன்னு பொய் சொன்னேன்னு சொன்னேன்."

"யார் சொல்லச் சொன்னாங்கன்னு கேட்டாரா?"

"இல்லப்பா. நான்தான் சொல்ல வந்தேன். வேணாம்மா, அடுத்தவங்க பாவத்தை நீ சொல்ல முடியாது, அவங்கவங்கதான் சொல்லணும்னுட்டாரு." அவள் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அதனால உங்களோடது ஒண்ணுமே சொல்லல. வேன்னுகூடச் சொல்லல. சொன்னாலும் அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாராம். மதர்கிட்டகூட."

அவன் மூச்சு விட்டான். இவ்வளவு நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியது. யாருக்கும் தெரியாது! மதருக்குத் தெரியாது! வேலை இருக்கிறது, மகளின் இடம் இருக்கிறது, மேடையில் ஏறி இங்கிலீஷ், கையெழுத்து, மரியாதை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். கை தானாகச் சாவிக்குப் போனது.

"ஆனா அவரு மன்னிப்புத் தர முடியாதுன்னுட்டாருப்பா."

"ஏன்?"

"நான் கிறிஸ்டியன் இல்லல்ல. உனக்காக வேண்டிக்கறேன்னாரு. அப்பறம், யாருகிட்டப் பொய் சொன்னியோ அவங்ககிட்டப் போய்ச் சரி பண்ணு, அது எல்லாருக்கும் பொதுன்னாரு." அவள் குரல் இறங்கியது. "ஆன்ட்டிகிட்டப் போய்ச் சொல்லணும். ஆனா நான் என் பொய்யச் சொன்னா உங்களோடதும் வெளிய வந்துரும்ல? அதான் போகல. தினமும் சாயங்காலம் கண்ண மூடினா அதுதான் வருது. மறுபடியும் மறுபடியும் அதே வருதுப்பா."

நல்ல கல்வி கிடைக்க வேண்டும் என்று கொண்டுவந்து விட்டவன் அவன். தன் பயத்தை மூட்டை கட்டி இந்தப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்துத் திரிந்திருக்கிறான். டாஷ்போர்டில் அந்தப் பெரிய ஆள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தான்.

அன்று பகல் முழுக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். சொல்லிவிடுவது என்பான். உடனே, வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும், மகளுக்கு இன்னொரு பள்ளி கிடைக்குமா என்பான். வண்டியைக் கழுவினான். கழுவிய வண்டியை மறுபடியும் கழுவினான். கடைசிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது துணியைத் தூக்கி எறிந்துவிட்டு மதரின் அறைக்குப் போனான். அவன் கதவைத் தள்ளிய நேரம் பார்த்து அந்த அமைதி விழுந்தது. மேசைக்குப் பின்னால் மதர் எழுந்து நின்று கண்ணை மூடியிருந்தார். பள்ளிக்கூடம் முழுதும் ஓய்ந்திருந்தது. எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. அவன் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். மணி அடிக்கட்டும் என்று நினைத்தான். மணி அடிக்கிறவரை அவனால் பொறுக்க முடியவில்லை.

"மதர், அன்னிக்கு வண்டில ஒரு குழந்தைய உள்ள வச்சே பூட்டிட்டேன்."

மதர் கண்ணைத் திறந்தார். அவன் நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினான். கால்பந்து, டீ, கண்ணாடியில் கை அச்சு, பஞ்சர். நடுவில் மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகள் ஓடினார்கள்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தா?"

"தெரியல மதர். ஆட்டத்துல எனக்கு நேரம் தெரியல."

மதர் உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை, இப்போது பார்த்தான். "உங்ககிட்ட ஒண்ணுதானே கேட்டேன்? முதல் நாள்? ஒண்ணே ஒண்ணுதானே?" பிறகு கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தான்.

"மத்த வண்டி இன்னிக்கு ரெண்டு தடவை போகட்டும். அந்த அம்மாவுக்கு நான் இன்னிக்கே போன் பண்ணியாகணும். நான் பண்ணும்போது அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். நீங்க போய்ச் சொல்லுங்க."

"என் பொண்ணு மதர்..."

"அவ இடத்துக்கு என்ன? அது அவளோடது. யாரும் எடுக்க மாட்டாங்க."

வாசல்வரை போனவன் திரும்பினான். "ஆண்டு விழாவுல பேசறது..."

"வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் மதர்.

மகளும் அவனும் பஸ்ஸில் போனார்கள். எதற்குப் போகிறோம் என்று அவன் சொன்னபோது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குகிற வரைக்கும் விடவில்லை.

குழந்தையின் தாய் கதவைத் திறந்தாள். "என்னண்ணா, இன்னிக்கு வேற வண்டி வந்துச்சு? வாங்க உள்ள."

அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆபீஸ்களில் ஒட்டிக்கொள்கிற அதே நாக்கு. அவன் எச்சிலை விழுங்கி முடிப்பதற்குள் மகள் ஒரு அடி முன்னால் போய் நின்றாள். கையைப் பக்கவாட்டில் வைத்து, நிமிர்ந்து, அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அன்னிக்குப் பஞ்சர் ஆகல. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

என்றோ ஓர் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பார்த்த அந்தப் பெண் பிள்ளை அவன் கண்முன் வந்தாள். யார் முன்னாலும் இப்படி நின்று பேச வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டான்? பேசிவிட்டாள். மிச்சத்தை அவன் சொன்னான். எதையும் விடாமல் சொன்னான்.

"எங்க இருந்தா?" என்றாள் தாய்.

"கடைசி சீட்டுக்குக் கீழ."

"முழிச்சிட்டாளா?"

"ஆமாம்மா. கண்ணாடியத் தட்டியிருக்கா."

அப்போதுதான் அவள் கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்குக் கத்தினாள். "பாத்ரூம் கதவைச் சாத்த விட மாட்டேங்கறா! லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறா! நான் வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தினா மூச்சு நிக்கிற மாதிரி அழறா! பிடிவாதம்னு நெனச்சேன். அடிச்சேன்யா அவளை! பெத்த பிள்ளைய, ஏன் அழறான்னு தெரியாம, கதவைச் சாத்தி வச்சு அடிச்சேன்! தினமும் வண்டி தூங்கிடுச்சு, வண்டி தூங்கிடுச்சுன்னு சொன்னா. நான் சிரிச்சிட்டிருந்தேன்! நீங்க அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவனுக்கு உலகமே நின்றுபோனது. வேலை, பள்ளி, மேடை என்று இத்தனை நாள் தவித்தானே, அந்தத் தவிப்பில் ஒரு நாளாவது இந்தக் குழந்தையைப் பற்றி நினைத்தானா? வேனில் அது கதவோரம் ஒடுங்கியதைப் பார்த்தானே, பார்த்துவிட்டுக் கண்ணாடியை அல்லவா திருப்பினான்? தன் கையாலேயே தன்னை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து குழந்தை வந்து தாயின் முதுகில் தொற்றிக்கொண்டது. தாய் எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே உள்ளறைக் கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். பாத்ரூம் கதவையும் அப்படியே திறந்து வைத்தாள்.

"நீங்க போங்க" என்றாள் அவனிடம். "இப்ப என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

பிறகு அவன் மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, ஆனால் அது மகளுக்கான கோபம் இல்லை. "நீ நாளைக்கும் வேன்ல வருவியா?"

"வருவேன் ஆன்ட்டி."

"இவ பக்கத்துல உக்காந்துக்குவியா?"

"உக்காந்துக்குவேன்."

அன்றிரவு மகள் கண்ணை மூடி உட்கார்ந்து, சீக்கிரமே திறந்து, படுத்துத் தூங்கிப்போனாள். மனைவி அவனை நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு அழுதாள். பேச்சுக்காக எழுதி வைத்திருந்ததை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஆண்டு விழாவில் ஒரு பல் டாக்டர் பேசினார். நல்ல இங்கிலீஷ். ஒழுக்கம் என்றார், மொழி என்றார், தன்னம்பிக்கை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்த நம் ஆளும் தட்டினான். மகள் பாட்டுக் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்று பாடினாள். முன்வரிசையில் தாயின் மடியில் இருந்த ஒரு குழந்தை அவளைப் பார்த்து விடாமல் கையசைத்தது.

இப்போது அவன் ஒரு பேக்கரிக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறான். ஹாரன் குறைந்திருக்கிறது, அவசரம் குறைந்ததாகத் தெரியவில்லை. வண்டியை அதே ஷெட்டில்தான் நிறுத்துகிறான். ஒரு நாள் மெக்கானிக் டீயை நீட்டிக்கொண்டே கேட்டான். "கோவிச்சுக்காத மச்சான். கான்வென்ட்ல போட்டேன், கான்வென்ட்ல போட்டேன்னு குதிச்ச. இருந்த வேலையும் போச்சு. அந்தப் படிப்பால உனக்கு என்னதான்டா நன்மை?"

அவன் டீயை வாங்கினான். "இங்கிலீஷ்..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இரு, வரேன்" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

பின்கதவைத் திறந்தான். உள்ளே காலித் தட்டுகள்தான் அடுக்கியிருந்தன, அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் ஏறி, கடைசி அடுக்குக்குப் பின்னால்வரை குனிந்து பார்த்துவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினான்.